காலையில் துத்சாகர், மதியம் போண்டா: கோவாவில் அருவியும் மசாலாத் தோட்டமும் ஒரே நாளில் பார்க்க

துத்சாகர் அருவியையும் போண்டா என்ற ஊர்ப் பக்கத்து மசாலாத் தோட்டம் ஒன்றையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு விதி: அருவி முதலில், தோட்டம் பிறகு. தோட்டம் வழியில்தானே வருகிறது, போகும்போதே பார்த்துவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். அப்படிச் செய்தால், அருவிக்கு ஜீப் கிளம்பும் ஊரான குலேமின் கவுண்டருக்குப் போய்ச் சேரப் பதினொரு மணியாகிவிடும். அந்த நேரத்தில் வரிசை நீண்டிருக்கும், அருவிக்கடியில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டமான நாள் என்றால் அன்றைய ஜீப் டிக்கெட்டே தீர்ந்துபோயிருக்கும். தோட்டம் மதியம் ஒரு மணிக்குப் போனாலும் அங்கேயேதான் இருக்கும், சாப்பாடும் சூடாகக் கிடைக்கும்.

எந்த மாதம்

குலேமிலிருந்து அருவிக்குப் போகும் காட்டுப்பாதை ஓடைகளுக்குள் இறங்கி ஏறுகிறது. தென்மேற்குப் பருவமழையில் அந்த ஓடைகள் பெருக்கெடுக்கும் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜீப் ஓடாது. வழக்கமாக அக்டோபர் முதல் வாரத்தில் திறப்பார்கள், ஆனால் மழை நீடித்தால் தள்ளிப்போகும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரைதான் சரியான காலம். 310 மீட்டர் உயரத்திலிருந்து நாலு அடுக்காக விழும் தண்ணீரை அப்போதுதான் முழு அகலத்தில் பார்க்க முடியும். ஏப்ரல், மே மாதங்களில் அது பாறைமேல் கோடு கிழித்த மாதிரி இறங்கும். அந்த நேரத்தில் அருவிக்காகவே இத்தனை தூரம் வருவது வீண். ஆனால் தோட்டத்தில் முந்திரிப்பழமும், புளிப்புக்காகச் சமையலில் சேர்க்கும் கோகம் பழமும் பார்க்க அதுவே நல்ல காலம்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், தொடர் விடுமுறை வரும் வார இறுதிகளிலும் இந்தப் பக்கமே வேண்டாம். செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

குலேம் போய்ச் சேர

பணஜியிலிருந்து குலேம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெலகாவி போகும் தேசிய நெடுஞ்சாலையில் போண்டாவைக் கடந்து மொலெம் வந்து, அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஐந்து கிலோமீட்டரில் ஊர். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கலங்குட், பாகா பக்கம் தங்கியிருந்தால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். மட்காவிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தூரம் குறைவு.

நாலைந்து பேர் என்றால் நாள் வாடகைக்கு டாக்சிதான் தோது. அருவி, தோட்டம், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து முந்தின நாளே தொகை பேசிவிடுங்கள். வாடகை ஸ்கூட்டரிலும் குலேம் வரை வரலாம், ஆனால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து வந்தால் வழியில் போலீஸ் நிறுத்துவார்கள், அபராதம் உங்கள் தலையில் விழும். எந்த வண்டியில் வந்தாலும் அது குலேமோடு சரி. பகவான் மகாவீர் சரணாலயத்துக்குள் அருவிப் பாதையில் பதிவு பெற்ற ஜீப்புகள் மட்டுமே போகலாம்.

ரயிலிலும் வரலாம். குலேம் ஸ்டேஷனிலிருந்து ஜீப் கவுண்டருக்கு நடந்தே போய்விடலாம். சிக்கல் திரும்பும்போதுதான். குலேமிலிருந்து போண்டாவுக்கு பஸ் மாறி மாறிப் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ பிடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும். ரயிலில் வருகிறவர்கள் தோட்டத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடற்கரை ஓட்டல்களில் விற்கும் பேக்கேஜ் டூரில் மோசம் ஒன்றும் இல்லை. பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: ஜீப் கட்டணம் இதில் சேர்த்தியா? வனத்துறை நுழைவுக் கட்டணம்? லைஃப் ஜாக்கெட்? தோட்டத்தில் கைடோடு சுற்றிக் காட்டுவார்களா, சாப்பாடு மட்டுமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல பேக்கேஜ்களில் தோட்டம் என்பது பஃபே சாப்பாடும் கடை வாசலில் இருபது நிமிடமும்தான். இன்னொன்று, பத்து ஓட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வரும் வேன் எட்டரைக்கு முன் குலேம் சேராது.

கவுண்டரில்

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குக் கவுண்டரில் நில்லுங்கள். மொலெம் தாண்டியதுமே சாலையோரம் கை காட்டி வண்டியை நிறுத்தி, "ஜீப் இங்கேதான் புக் பண்ணணும்" என்பவர்கள் இருப்பார்கள். நிற்காமல் குலேம் வரை போங்கள்.

ஒரு ஜீப்பில் பயணிகள் ஏழு பேர். இரண்டு பேராக வந்தால் மற்றவர்களோடு சேர்த்து ஏழாக்கி அனுப்புவார்கள். காலையில் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருக்கப் பிடிக்காவிட்டால் முழு ஜீப்புக்கும் பணம் கட்டலாம். கட்டணம் துண்டு துண்டாக வரும்: சீட்டுக்கு ஒன்று, வனத்துறை நுழைவு ஒன்று, லைஃப் ஜாக்கெட் வாடகை ஒன்று, கேமரா இருந்தால் அதற்கு ஒன்று. தொகை சீசனுக்கு சீசன் மாறும். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ரொக்கமாக எடுத்து வைத்துக்கொண்டால் கை கடிக்காது. ரொக்கம் என்று சொல்லக் காரணம், அந்தப் பக்கம் சிக்னல் வரும், போகும். யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். போண்டா ஏடிஎம்மிலேயே பணம் எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஜீப் நம்பரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் அதே ஜீப்தான், அருவிப் பக்கம் ஒரே நிறத்தில் ஐம்பது வண்டி நிற்கும். அங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் டிரைவரிடம் ஏறுமுன் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம் போலத்தான், நடந்து போய் வரும் நேரமும் அதற்குள் அடக்கம்.

ஜீப்பில்

தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆனால் முக்கால் மணி நேரம் ஆகும். பாதை முழுக்க குண்டும் குழியும் செம்மண்ணும். ஓடைகளில் இறங்கும்போது தண்ணீர் சக்கரத்துக்கு மேல் வரும், பின் இருக்கையில் கால் நனையலாம். பின்னால் இருப்பவை எதிரெதிராகப் போட்ட பெஞ்சுகள், பக்கவாட்டில் உட்கார்ந்து குலுங்க வேண்டும். குமட்டல் வருகிறவர்களையும் வயதானவர்களையும் டிரைவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இதை மற்ற பயணிகளிடம் ஏறுமுன்னே சொல்லிவிடுவது நல்லது, வண்டி கிளம்பிய பிறகு யாரும் இடம் மாற மாட்டார்கள். முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தப் பயணத்தைத் தவிர்த்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போகலாம்.

டிசம்பருக்குப் பிறகு ஓடையில் தண்ணீர் குறைந்து புழுதி கிளம்பும். தலைக்கும் மூக்குக்கும் ஒரு துண்டு வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டால் திரும்பும்போது அது வெள்ளையாக இருக்காது.

அருவியடியில்

ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் போல நடை. முதலில் மண்பாதை, பிறகு வேர்கள், கடைசியில் உருண்டைப் பாறைகள். ரப்பர் செருப்பு இங்கேதான் அறுந்துபோகும். பின்பட்டை வைத்த சாண்டல் அல்லது நனைந்தாலும் பரவாயில்லை என்ற பழைய ஷூ சரிப்படும். பச்சை படிந்த பாறையையும், பாதி நனைந்து கறுத்த பாறையையும் மிதிக்காதீர்கள். முழுக்கக் காய்ந்த பாறையிலோ தண்ணீருக்கடியில் மணல் தெரியும் இடத்திலோ காலை வைக்கலாம். கீழே விழுகிறவர்களில் அநேகம் பேர் போனைக் கையில் பிடித்துப் படம் எடுத்தபடி நடந்தவர்கள்.

குரங்குகளைப் பற்றி எச்சரிக்கைப் பலகை இருந்தும் தினமும் யாராவது பறிகொடுக்கிறார்கள். அவை பிளாஸ்டிக் பை சலசலப்பைக் கேட்டுத்தான் வரும். சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். காலை உணவைக் குலேமிலேயே முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை மட்டும் ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடே திரும்பி வர வேண்டும். சரணாலயத்துக்குள் மது கூடாது.

குளத்தில் இறங்கலாம், ஆனால் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டுதான். நீச்சல் தெரியும் என்பது இங்கே ஒரு சமாதானமே இல்லை. குளம் ஓரத்தில் இடுப்பளவு இருக்கும், இரண்டடி தள்ளினால் காலுக்குத் தரை எட்டாது. தண்ணீரும் உடம்பு விறைக்கிற அளவுக்குக் குளிராக இருக்கும். அருவி நேராக விழும் இடத்துக்கு நீந்திப் போக முயல வேண்டாம். மேலிருந்து சிறு கல் வந்தாலும் தலைக்கு ஆபத்து. ஓரத்துப் பாறையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும், குழந்தைகளுக்கு அதுவே போதும். பெண்கள் உடை மாற்ற அருவிப் பக்கம் தோதான இடம் கிடையாது. சீக்கிரம் உலரும் துணியோடு போய், குலேம் திரும்பி மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் நடக்காதீர்கள்

அருவியின் நடுவே பாலத்தில் ரயில் போகும் படத்தைப் பார்த்துவிட்டு, குலேமிலிருந்தோ காசில் ராக்கிலிருந்தோ தண்டவாளம் வழியே நடந்து வர ஆசைப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. இது ரயில்வே சட்டப்படி அத்துமீறல். 2023 ஜூலையில் அப்படி வந்த கூட்டத்தை ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்துத் தோப்புக்கரணம் போடவைத்தது நாடு முழுக்கச் செய்தியானது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. அந்த மலைப்பாதை 37 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து. ரயிலைத் தள்ளப் பின்னாலும் இன்ஜின்கள் மாட்டுவார்கள். சுரங்கங்களில் ஒதுங்க இடம் குறைவு, அருவிச் சத்தத்தில் ரயில் வரும் ஓசை காதில் விழாது.

மழைக்காலத்தில் அருவியைப் பார்க்க நேர்வழி, இந்தப் பாதையில் பகலில் ஓடும் ரயிலில் டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்வது. வாஸ்கோ–வேளாங்கண்ணி வாராந்திர விரைவு ரயிலும் இந்த மலைப்பாதை வழியாகத்தான் போகிறது. அருவியைக் கடக்கும் நேரம் பகலா இரவா என்று மட்டும் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

தோட்டம்: எதைத் தேர்வது, எப்போது

பத்தரைக்கு அருவியை விட்டுக் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் குலேம், ஒரு மணிவாக்கில் போண்டா. ஊரைச் சுற்றி நாலைந்து தோட்டங்கள் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. குர்த்தியில் உள்ள சஹகாரி தோட்டமும் காண்டேபாரில் உள்ள பாஸ்கோல் தோட்டமும் நெடுஞ்சாலைக்குப் பக்கம், அதனால் டூர் பஸ்கள் அதிகம். கேரியில் உள்ள டிராபிகல் ஸ்பைஸ் பிளான்டேஷனும் சவோய்-வெரெமில் உள்ள சவோய் தோட்டமும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பவை. நெருக்கடி பிடிக்காதவர்கள் பின்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குலேமில் சிக்னல் கிடைத்ததும் போன் செய்து மூன்றைக் கேளுங்கள்: சாப்பாடு எத்தனை மணி வரை, கடைசிச் சுற்று எப்போது, சைவம் தனியாக உண்டா.

உள்ளே போனதும் எலுமிச்சைப்புல் போட்ட சுடுபானம் கொடுப்பார்கள். பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை கைடோடு நடை. ஆங்கிலமும் இந்தியும் ஓடும், தமிழ் எதிர்பார்க்க முடியாது. கூட்டத்தில் முன்வரிசையில் நடங்கள், பின்னால் நடந்தால் ஒன்றும் காதில் விழாது.

வரிசை வரிசையாக நட்ட தோட்டத்தை இங்கே எதிர்பார்த்து வராதீர்கள். போண்டா பகுதியின் பழைய முறை ‘குளாகர்’. மேலே தென்னை, அதற்குக் கீழே பாக்கு, பாக்கு மரத்தில் மிளகுக்கொடி, நிழலில் சாதிக்காயும் பட்டையும், அடியில் வாழை, அன்னாசி, மஞ்சள், இஞ்சி என்று அடுக்கடுக்காக ஒரே நிலத்தில் வளரும். மலையடி ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வரும். முதல் பார்வைக்குக் காடு மாதிரிதான் இருக்கும், கைடு காட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

நின்று பார்க்க வேண்டியவை சில. சாதிக்காய் மரத்தில் மஞ்சள் நிறப் பழம் வெடித்திருந்தால் ஒன்றைக் கையில் வாங்குங்கள். சதைக்குள் பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றி வலை பின்னியது போல ரத்தச் சிவப்பில் ஒரு படலம். அந்தப் படலம்தான் காய்ந்து சாதிபத்திரி ஆகிறது. சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் முளைத்த கன்று எது என்று பூக்கும்வரை, அதாவது ஆறேழு வருஷம், தெரியாது. நாற்று வாங்க ஆசைப்பட்டால் ஒட்டுக் கன்றா என்று கேட்டு வாங்குங்கள். சென்னை வெயிலுக்கு அது தாங்காது. குற்றாலம், நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் முயன்று பார்க்கலாம்.

மிளகுக்கொடியில் பச்சையும் சிவப்புமாக மணிகள் இருக்கும். பச்சையிலேயே பறித்துக் காயவைத்தால் கறுப்பு மிளகு, சிவக்கவிட்டு ஊறப்போட்டுத் தோலை நீக்கினால் வெள்ளை மிளகு, கொடி ஒன்றுதான். வனிலா ஆர்க்கிட் வகைக் கொடி. பூ ஒரு காலைப்பொழுதுதான் மலர்ந்திருக்கும், அதற்குள் மெல்லிய குச்சியால் கையாலேயே மகரந்தம் சேர்க்க வேண்டும். இந்த முறையை 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். பச்சைக் காயை முகர்ந்து பார்த்தால் வாசனையே இருக்காது. மாதக்கணக்கில் பதப்படுத்திய பிறகுதான் மணம் வரும். விலை ஏன் அப்படி என்று அப்போது விளங்கும்.

காந்தாரி மிளகாய் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துக் கடிக்கச் சொல்வது கைடுகளின் வாடிக்கை விளையாட்டு. கடித்துவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள், எரிச்சல் வாய் முழுக்கப் பரவும். தயிரோ வெல்லமோ கேளுங்கள். மிளகாயைப் பிடித்த கையைக் கண்ணில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையைக் கழுவிவிடுங்கள்.

பாக்கு மரம் ஏறுகிறவர் காலில் கயிற்றுத் தளை மாட்டி விறுவிறுவென்று உச்சிக்குப் போய், மரத்தை ஆட்டி அடுத்த மரத்தை எட்டிப் பிடித்துத் தாவுவார். வேடிக்கைக்காக வந்த வித்தை அல்ல இது. ஒவ்வொரு மரமாக இறங்கி ஏறினால் ஒரு நாளில் அறுவடை முடியாது. அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். சில தோட்டங்களில் கடைசியாக முதுகுச்சட்டைக்குள் ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார்கள். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாப்பாடு

ஒரு மணிக்குமேல் வந்து சேர்ந்தால் முதலில் சாப்பாடு, பிறகு நடை. அதற்கு முன்பே வந்துவிட்டால் நடையை முதலில் முடியுங்கள், சாப்பிட்ட பிறகு அந்த நிழலில் கண் சொக்கும். சோறு, மீன் கறி, தேங்காய் வறுத்தரைத்த கோழி ஷாகுத்தி, ஒன்றிரண்டு காய், அப்பளம் என்று கோவாச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் கோகம் சேர்த்த இளஞ்சிவப்பு ஸோல்கடியை விட்டுவிடாதீர்கள், வெயிலில் அலைந்த வயிற்றுக்கு அது மருந்து மாதிரி. சிறு கோப்பையில் ஃபெனி என்ற கோவா மது கொடுப்பார்கள். முந்திரிப்பழத்தில் காய்ச்சுவது, மூக்கில் ஏறும் வாடை. ஸ்கூட்டர் ஓட்டி வந்தவர் தொட வேண்டாம்.

கடையில்

எல்லாச் சுற்றும் கடையில்தான் முடியும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். விற்பதெல்லாம் அந்தத் தோட்டத்தில் விளைந்தது அல்ல. ஏலக்காய்க்குக் குளிர்ந்த உயரமான மலை வேண்டும். போண்டாவின் தாழ்நிலத்தில் காட்டுவதற்கு நாலு செடி இருக்கும், கிலோ கணக்கில் காய்க்காது. அதை போடியிலோ உங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையிலோ வாங்கினால் விலை குறையும். குங்குமப்பூ இருந்தால் அது கோவாவில் விளைந்தது இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு நகருங்கள். மூட்டுவலி எண்ணெய், முடி வளரும் தைலம் எல்லாம் தேவையில்லை. பொடித்த மசாலாவும் வேண்டாம், உள்ளே என்ன என்று பார்க்க முடியாது.

வாங்கத் தகுந்தவை நம் ஊரில் எளிதில் கிடைக்காதவை. உலர்ந்த கோகம் தோல்: கருஞ்சிவப்பாக, வளைத்தால் ஒடியாமல் கொஞ்சம் ஈரப்பசையோடு இருக்க வேண்டும், மேலே வெள்ளைப் பூசணம் இருக்கக் கூடாது. திர்ஃபள்: மிளகைவிடப் பெரிய, வெடித்த ஓடு. நாக்கு மரத்துப்போகிற காரம், அயிலைக் குழம்புக்குப் போடுவார்கள். உள்ளிருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் பயன்படுத்துங்கள். தோலோடு வறுத்த முந்திரியும் நல்லது. தோல் நீக்கிய முந்திரியில் 180, 240, 320 என்று எண் போட்டிருக்கும். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதன் கணக்கு அது, எண் கூடினால் பருப்பு சிறிது. 320ஐ 180 விலைக்குத் தருகிறார்களா என்று பாருங்கள். கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். பட்டை மெல்லிய சுருள்கள் பல அடுக்காக இருந்து விரலில் நொறுங்கினால் நல்ல பட்டை, தடித்த ஒற்றைச் சுருள் என்றால் அது வேறு சரக்கு. வனிலா காய் தோல் வார் போல வளைய வேண்டும்.

கோகம் சிரப் பாட்டிலை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், மூடியில் டேப் சுற்றி செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள். ஃபெனி வாங்குவதானால் பில்லோடு சீல் வைத்த பாட்டிலாக வாங்குங்கள். வெளிமாநில மதுவைக் கொண்டுவரத் தமிழகத்தில் கட்டுப்பாடு உண்டு, அதை விசாரித்த பிறகு பெட்டியை அடுக்குங்கள்.

நேரம் மிஞ்சினால், நேரம் போதாவிட்டால்

மூன்றரைக்குத் தோட்டத்தை முடித்தால் பணஜி போகும் வழியில் பிரியோல் மங்கேஷி கோயிலைப் பார்க்கலாம். அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள், மாற்று உடை வண்டியில் இருக்கட்டும். மொலெம் பக்கத்துத் தாம்டி சுர்லா கதம்பர் காலக் கற்கோயிலையும் இதே நாளில் நுழைக்கப் பார்க்காதீர்கள், அது நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அதற்குப் போய் வந்தால் தோட்டத்தில் சாப்பாடு முடிந்திருக்கும்.

குலேமுக்கே பத்து மணிக்குத்தான் வந்தீர்கள், வரிசை ரோடு வரை நிற்கிறது என்றால் அங்கேயே முடிவெடுங்கள். முன்னால் எத்தனை பேர் என்று கவுண்டரில் கேளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றால் அன்றைக்குத் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, அருவிக்கு மறுநாள் ஐந்தரைக்கே கிளம்புங்கள்.